வேண்டாம்னு வச்ச பால்

"பால்கோவாவுக்குப் பேர்போன ஊர்ல வந்து உக்காந்துக்கிட்டு, ஏசம்மா வீட்டுப் பால் வேண்டாம்னு சொல்லுதாளே. எம்புட்டுக் கொழுப்பு இருக்கணும்?"

சர்ச்சுக்குப் போய்வந்த புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள் ஏசம்மாள்.

"மெதுவாப் பேசுங்க அத்தை. அவிய முன்ரூம்லதான் இருக்காவ" என்றாள் மருமகள் பிரிஸ்கில்லா.

"இருக்கட்டுமே. தமிழா தெரியப்போவுது அவளுக்கு?"

அவள் என்றது மோராக்கை. ஸ்காட்லாந்துக்காரி. கிளாஸ்கோவில் நர்சாக இருக்கும் ஏசம்மாளின் மகள் செலினாவோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் அணில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். "எங்க வீட்டுலயே தங்குங்க" என்று செலினா அனுப்பி வைத்திருந்தாள். வந்து இரண்டு வாரம் ஆகிறது.

வந்த அன்றே பெட்டியைத் திறந்து ஒரு தகர டப்பாவை வெளியே எடுத்தார் மோராக். அவர் ஊர் டீத்தூள். அசாம் இலையும் கென்யா இலையும் கலந்தது, அவர்கள் காலையில் குடிப்பதாம். கூடவே ஒரு பீங்கான் கெட்டில். அதில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கெட்டிலுக்கு ஒரு கம்பளிக் குல்லாவை மாட்டி, ஐந்து நிமிஷம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். டீ கன்னங்கரேலென்று இறங்கியது.

"இந்த வெயில்ல கெட்டிலுக்குக் குல்லாவா?" என்று ஏசம்மாளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. சின்னக் கிண்ணத்தில் பால் வைத்தாள். மோராக் அத்தனையையும் ஊற்றி, ரசித்துக் குடித்தார்.

மறுநாளிலிருந்து பாலைத் தொடவில்லை.

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் டீயைக் கஷாயம் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். இங்கிலீஷ் தெரிந்த பிரிஸ்கில்லாதான் கேட்டுச் சொன்னாள்.

"அவிய ஊர்ல டீக்குப் பால் சேக்க மாட்டாங்களாம் அத்தை."

"நேத்து மட்டும் எந்த ஊர்ல இருந்தாளாம்?"

தினமும் ஏசம்மாள் பால் வைப்பாள். தினமும் அது அப்படியே திரும்பி வரும். "கொட்டவா முடியும்? நீயே குடி" என்று, ஏழு மாத வயிற்றோடு நிற்கும் மருமகளிடம் வெடுக்கென்று நீட்டுவாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். இன்றைக்கு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் வெள்ளைக்கார அம்மாவைப் பார்க்கவென்று, அதே சர்ச்சுக்கு வரும் செல்லக்கனியும் இன்னும் இரண்டு பெண்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அலமாரியில் இருந்த பூப்போட்ட கப்பையெல்லாம் இறக்கினாள் ஏசம்மாள். எல்லாருக்கும் கடைத்தூளில் டீ போட்டாள். மோராக் கப்புக்கு மட்டும் அவர் டீயை வார்த்து, தன் கையாலேயே பால் ஊற்றப் போனாள். மோராக் சட்டென்று கப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"நோ மில்க், ப்ளீஸ்."

செல்லக்கனி மெல்லக் கேட்டாள். "ஏசம்மாக்கா, மாட்டுக்கு என்ன தீனி போடுதிய? பால்ல எதுவும் வாடை வருதோ?"

"கடைக்கு ஊத்துத பாலைக் குறைச்சு, விருந்தாளிக்குன்னு தனியா எடுத்து வச்ச பாலாக்கும்" என்றாள் ஏசம்மாள். ஒருத்தி கப்பை மோந்து பார்த்ததை அவள் கவனித்தாள்.

அவர்கள் படியிறங்கிய பிறகு மருமகளிடம் பொருமியும் ஆறாமல், மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி செலினா, யாரை அனுப்பி வச்சிருக்க நீ? நாலு பேரு முன்னால என் மானத்தை வாங்கிட்டா. உங்க ஊர்ல டீக்குப் பால் ஊத்த மாட்டியளோ?"

"யாரும்மா சொன்னா? இங்க எல்லாரும் ஊத்தித்தான் குடிப்பாங்க. அதுலயும் மோராக் இருக்காங்களே, வார்டுல பால் தீந்துபோச்சுன்னா மழையில நனைஞ்சுக்கிட்டே போய் வாங்கிட்டு வருவாங்க. பாலில்லாம ஒரு வாய் இறங்காது அவங்களுக்கு."

"அப்போ என் வீட்டுப் பால்தான் நாறுது. அதை அவ வாயாலயே சொல்லட்டும். இப்பவே கேளு."

போனை ஸ்பீக்கரில் போட்டு மோராக் முகத்துக்கு நேரே நீட்டினாள். செலினா இங்கிலீஷில் கேட்டாள். மோராக் சிரித்து மழுப்பினார். செலினா விடவில்லை. மறுபடியும் கேட்டாள்.

மோராக் ஒரு தடவை அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து நிதானமாகப் பேசினார்.

உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பிரிஸ்கில்லாவின் கை நின்றுபோனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன சொல்லுதா?" என்றாள் ஏசம்மாள்.

ஏசம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏட்டி, உன்னத்தான். என் பால்ல என்ன குறையாம் மகாராணிக்கு?"

செலினாவின் குரல் மாறியிருந்தது.

"பால்ல ஒரு குறையும் இல்லம்மா. மொத நாள் ராத்திரி மதினி பால் கேட்டு டம்ளரோட வந்து நின்னப்போ, விருந்தாளிக்கு ஊத்தியாச்சுன்னு நீ வெறும் பாத்திரத்தைக் கவுத்துக் காட்டினியாமே. உன் பேச்சு அவங்களுக்குப் புரியல, பாத்திரம் புரிஞ்சிருச்சு. வெளிப்படையாச் சொன்னா மதினிக்குத்தான் ஏச்சு விழும்னு பயந்து, தான் வேண்டாம்னு வச்சாலாவது அது பிள்ளைத்தாச்சி வயித்துக்குப் போவட்டும்னு ரெண்டு வாரமா அந்தக் கசப்பைக் குடிக்காங்க."