அம்மா மாதிரி

"எனக்கு ஊசி வேண்டாம். நான் எங்கம்மா மாதிரி இல்ல!"

கூலாய் நகரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி மண்டபம். வரிசையில் நின்றிருந்த அத்தனை மாணவிகள் முன்னாலும் ஆட்ரி கத்தினாள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் பாரத்தைக் கிழித்தும் போட்டுவிட்டாள். பதிமூன்று வயது.

கிளினிக்கிலிருந்து ஊசி போட வந்திருந்த நர்ஸ், மிசி பிரவீனா, அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் அடித்தாள்.

அரை மணி நேரத்தில் அப்பா சந்தனசாமி வந்து சேர்ந்தார். லோரி ஓட்டுகிறவர். கூடவே அவர் அக்கா சவரியம்மா. ஆட்ரியின் அம்மா ஐலீன் இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து பிள்ளையை வளர்ப்பது இந்த அத்தைதான்.

"நான்தான் வேண்டாம்னேன் மிசி," என்று சவரியம்மா நேராக ஆரம்பித்தாள். "என் தம்பி வெவரம் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டான். சின்னப் புள்ளைக்கு அந்த மாதிரி ஊசி எதுக்கு? நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம் லா."

"எந்த மாதிரி ஊசி ஆன்ட்டி?"

"ஆம்பள பொம்பள சமாச்சாரத்துல வர்ற நோய்க்குப் போடறதுதானே?"

"கர்ப்பப்பை வாயில வர்ற கேன்சரைத் தடுக்கிற ஊசி. அந்தக் கிருமி உடலுறவுல பரவுது, அது உண்மைதான். ஆனா கிருமி ஒடம்புக்குள்ள வர்றதுக்கு முந்தியே போட்டாத்தான் ஊசி நல்லா வேலை செய்யும். அதான் இந்த வயசுல எல்லாப் பொண்ணுங்களுக்கும் போடறோம்."

"இவங்கம்மா அந்தக் கேன்சர்லதான் போய்ச் சேர்ந்தா."

"அப்படின்னா நீங்கதானே ஆன்ட்டி முதல் ஆளா வந்து..."

"எங்க போய் வாங்கிட்டு வந்தாளோ! ஃபேக்டரியில ஷிப்டு வேலை. ஓவர்டைம், ஓவர்டைம்னு கெளம்பிடுவா. யாரு கண்டா?"

ஆட்ரி தலையைத் தூக்கவில்லை.

"அம்மா தப்பு பண்ணதாலதான் அந்த நோய் வந்துச்சாம் மிசி. நானும் இந்த ஊசியப் போட்டா, என்னையும் அப்படித்தான் பேசுவாங்க."

"உனக்கு யாரும்மா சொன்னா?" சந்தனசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அத்தை போன்ல யார்கிட்டயோ பேசினாங்க. நான் கேட்டேன்."

பிரவீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க பாரு ஆட்ரி. இது ரொம்ப சாதாரணமாப் பரவுற கிருமி. கேன்சர் வந்தவங்க எல்லாம் தப்பு பண்ணவங்க இல்ல. வீட்டுல புருஷனைத் தவிர வேற யாரையும் அறியாதவங்களுக்கும் வரும். புருஷன்கிட்டேர்ந்தே வரலாம்."

"புருஷனா?" சவரியம்மாவுக்குக் குரல் உயர்ந்தது. "என் தம்பியையா சொல்றீங்க? வேற எவனாவதா இருந்தா அவளை அன்னைக்கே அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பான். இவன் ஏழு மாசம் வேலைக்குப் போகல மிசி. குளிப்பாட்டி விட்டான், துணி மாத்தினான், கஞ்சி ஊட்டினான். அடக்கத்தன்னைக்கு ஃபாதரே சொன்னாரு, இப்படி ஒரு புருஷனைப் பார்த்ததில்லைன்னு. அவளை மன்னிச்சு ஏத்துக்கிட்ட மனுஷனப் போயி..."

"போதும்க்கா."

சந்தனசாமி மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா ஓவர்டைம்னு சொன்னா, ஓவர்டைம்தாம்மா. என்னைத் தவிர அவளுக்கு வேற யாரும் இல்ல." நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டார். "நான்தான்... லோரி எடுத்துக்கிட்டு தாய்லாந்து எல்லைக்குப் போவேன்ல? அங்க கண்ட எடத்துக்கும் போனேன். ஒரு பாதுகாப்பும் இல்லாம. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பல வருஷம். போயிட்டு அப்படியே வீட்டுக்கு வந்தேன்."

"டேய் சாமி! புள்ளகிட்ட என்னடா பேசற!"

"நீங்க பேசினதை அவ கேட்டுட்டாளேக்கா. இதையும் கேக்கட்டும். ஐலீன் படுக்கையில கிடக்கும்போதே ஆரம்பிச்சீங்க. நானும் கேட்டுக்கிட்டுச் சும்மாதான் இருந்தேன். ஃபாதர் சொன்னதுக்குக்கூடத் தலையாட்டிக்கிட்டு நின்னேன்."

சவரியம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆட்ரி அழவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தக் கிருமி எப்படி வரும்னு டாக்டர் வெளக்கினப்போ என் மூஞ்சிய ஒரு தடவை பார்த்தா. அவ்வளவுதான். அப்புறம் ஒரு வார்த்தை கேக்கல."

பிரவீனா இன்னொரு பாரத்தை எடுத்து வைத்தாள். சந்தனசாமி கையெழுத்துப் போட்டார்.

ஆட்ரி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தோளைக் காட்டினாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று அவர் நீட்டிய கையை அவள் தொடவில்லை. ஊசி இறங்கியபோதும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், வாசல் வரை போய் நின்றாள்.

"அத்தை பேசினது அம்மா காதுலயும் விழுந்திருக்கும்ல? அப்பவும் ஏன்ப்பா அம்மா யார்கிட்டயும் சொல்லல?"

சந்தனசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானே சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தாம்மா."