ஓட்டைக் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸ்

"இந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் டேட்டாபேஸைத் தாங்குமா? அதுவும் ஓசி சாஃப்ட்வேர்!" மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கணவர் நக்கலடித்தார்.

"கத்துக்க இது தாராளமா போதுங்க. திங்கக்கிழமைக்குள்ள கத்துக்கலைன்னா வேலை போயிடும்," என்றாள் அவள், இன்ஸ்டால் ஆவதைப் பார்த்தபடி.

"இந்த வயசுல மண்டையில ஏறுமா?"

"ஏத்திடலாம். பாஸ்வேர்டு கேக்குது, என்ன போட?"

"ஏதாவது போடு. என்னை ஏன் கேக்கறே?"

இன்ஸ்டால் முடிந்தது. அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்கதானே ஞாபகம் வச்சுக்கணும்? உக்காருங்க. நான் லைப்ரரியில தினமும் செய்யற வேலைதான் இது. பத்து வருஷ அனுபவம்னு அளந்துவிட்டு, டேட்டாபேஸ் வாத்தியார் வேலை வாங்கினது நீங்க!"

பத்து வருட அனுபவம் தயங்கித் தயங்கி உட்கார்ந்தது.

"முதல்ல எதை அழுத்தணும்?"