அனுப்பப்பட்டது

“எழுந்திரு. லேப்டாப்பை வெச்சிட்டுக் கிளம்பு.”

திண்டிவனம் சாஃப்ட்வேர் ஆபீசில் எல்லோர் எதிரிலும் டீம் லீடர் அமல்ராணி கத்தினாள். ஆஸ்வின் எழுந்து நின்றான்.

“அக்கா, ஒரு நிமிஷம்...”

“கோட்ல இருக்கிற அந்தச் செக்கை எடுக்காத, எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?”

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் செய்துகொடுத்த ஆப் அது. ரத்தம் தேவைப்பட்டால், கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு உடனே எஸ்எம்எஸ் போகும். அதை அனுப்புவதற்கான ரகசியச் சாவியை, அதாவது ஒரு குறியீட்டை, சர்வரின் செட்டிங்கில் என்விரான்மென்ட் வேரியபிளாக வைக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கோடில் ஒரு ‘செக்’ சோதிக்கும்; இல்லாவிட்டால் ஆப் பில்டு ஆகாமல், வெளியிட முடியாமல் நின்றுவிடும். அந்தச் செக்கை எழுதியவளே அமல்ராணிதான்.

போன வாரம் சர்வர் மாற்றினார்கள். ஆஸ்வின் சாவியை வைக்க மறந்துவிட்டான். பில்டு திரும்பத் திரும்ப நின்றது. ஆஸ்பத்திரியிலோ அவசரப்படுத்தினார்கள். என்ன குறை என்று பார்க்காமல், செக்கையே நீக்கி ஆப்பை வெளியிட்டுவிட்டான்.

நேற்று, கெடாரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் கேட்டு நர்ஸ் பட்டனை அழுத்தினார். ‘அனுப்பப்பட்டது’ என்றது திரை. சாவி இல்லாததால் யாருக்கும் எஸ்எம்எஸ் போகவில்லை. யாரும் வரவில்லை. அந்தப் பெண் இறந்துவிட்டாள்.

“குழந்தை?” என்று கேட்டான் ஆஸ்வின்.

“இருக்குது. போடா வெளியே. யார் போன் பண்ணாலும் எடுக்காத.”

“முதலாளி வர்ற நேரம்க்கா. அவர்கிட்ட நானே...”

“ஜல்தி கிளம்புன்னேன்!”

“பையனைப் பலி குடுத்துட்டு இந்தம்மா தப்பிச்சிக்கினு போவப் பாக்குது” என்று முணுமுணுத்தார் பக்கத்து சீட் சேரன்.

மறுநாள் முதலாளி மணிமாறன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஆஸ்வின் போனான்.

“வாப்பா, உட்காரு. அமல்ராணி எல்லாத்தையும் சொல்லிடுச்சி.”

“சார், அந்தச் செக்கை...”

“தெரியும்பா. ‘நான்தான் எடுக்கச் சொன்னேன், பையன் சொன்னதைச் செஞ்சான்’னு ஒத்துக்கிச்சி. போலீஸ்லயும் அதையே சொல்லிடுச்சி. வேலையை விட்டு நிறுத்திட்டேன்.”

ஆஸ்வின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“எவ்ளோ நம்பினேன்! ஒரு உயிரு போற அளவுக்கா அலட்சியமா இருப்பாங்க? நீயே சொல்லு.”

மணிமாறன் அவன் முகத்தையே பார்த்தார்.

“தப்புதாங்க சார், அவங்க அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது” என்றான் ஆஸ்வின்.