கொம்புக்குக் கீழே கௌதாரி

காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி மாஸ்டர் யாரென்றால், எருமை. அணியில் கடைசியாக வரும் ஆமை கோட்டைத் தொடும்வரை அடுத்த சுற்றை யாரும் தொடங்கக் கூடாது என்பது அது போட்ட சட்டம். கௌதாரிக்கோ காலில் சக்கரம். காத்துக் காத்து அலுத்துப்போய் ஒருநாள் வாயைத் திறந்துவிட்டது.

"சார், ஜில்லா போட்டியில நான் தனியாவே ஓடிக்கிறேன்."

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "தனியாவா? அப்போ ஸ்கூல் பனியனைக் கழட்டி வச்சிட்டுப் போ. இனிமே நீ யாரோ, நாங்க யாரோ."

கௌதாரி வெறும் இறகோடு ஓடி முதலாவதாக வந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் பெரிய பேனர்: 'எங்கள் பள்ளியின் தங்கம்!' பேனர் முழுக்க எருமையின் முகம். வலது கொம்புக்குக் கீழே தபால்தலை அளவில் கௌதாரி. அதற்கு ஸ்கூல் பனியன் வேறு வரைந்து மாட்டியிருந்தார்கள்.

கௌதாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நான் தனியாத்தானே ஓடினேன்?"

"ஓடினது நீ தனியாத்தான்மா. ஜெயிச்சது நாம எல்லாரும்."

"தோத்திருந்தா?"

"சேச்சே, அது உன் சொந்த விஷயம். அதுல நாங்க ஏன் மூக்கை நுழைக்கணும்?" என்ற எருமை, பேனரில் தன் முகத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஈயை வாலால் விரட்டியது.