அண்ணியின் கேள்விகள்

“பார்த்துக்கிட்டே இருங்க, கடைசி நேரத்துல அண்ணி கழண்டுக்கப் போறாங்க!”

ஆஸ்பத்திரி வராந்தாவின் ஓரமாகப் போய் நின்று, கணவனிடம் போனில் குசுகுசுத்தாள் தங்கை.

“ஏன், என்ன ஆச்சு?”

“நாளைக்கு ஆபரேஷன். அண்ணனுக்குத் தன் கிட்னியில ஒண்ணைத் தர்றேன்னு கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்தாச்சு. இப்பப் போய் டாக்டரம்மா ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு ஆயிரம் சந்தேகம்! எனக்கு மட்டும் சர்க்கரை இல்லேன்னா நானே குடுத்திருப்பேன். இப்படி நோண்டிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு, பாதி திறந்திருந்த கதவருகே வந்து காதைக் கொடுத்தாள்.

“ஆபரேஷன் பண்றப்ப வயித்துல கேஸ் அடைச்சா ரத்த ஓட்டம் குறைஞ்சிடுமாமே டாக்டர்?” அண்ணியின் குரல்.

“குறையும்தான். பெருசா கிழிக்காம சின்ன ஓட்டை போட்டுத்தான் கிட்னியை எடுக்கறோம். வயித்தை உப்ப வெச்சாத்தான் கேமராவும் கருவியும் உள்ள போய் வர இடம் கிடைக்கும். ஆனா அந்த அழுத்தத்துல ரத்தக் குழாயெல்லாம் கொஞ்சம் நசுங்கும். இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும். கிட்னிக்கும் வழக்கமா வர்ற அளவு வராது. கேஸை வெளியே விட்டதும் பழையபடி ஆயிடும்.”

“அதுவரைக்கும் கிட்னி பட்டினியா கிடக்குமா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “பட்டினி போட மாட்டோம்மா. அழுத்தத்தை முடிஞ்ச மட்டும் கம்மியா வெப்போம். டிரிப்ஸ் நிறைய ஏத்துவோம்.”

“நடுவுல கொஞ்ச நேரம் கேஸை வெளியே விட்டுட்டு, மறுபடி அடைச்சா என்ன?”

“தேவைப்பட்டா அதையும் செய்வோம்.”

“தேவைப்பட்டான்னு சொல்லாதீங்க டாக்டர். செய்யறேன்னு சொல்லுங்க.”

“சரிம்மா. செய்யறேன். போதுமா?”

வெளியே வந்த அண்ணியைத் தங்கை மடக்கினாள்.

“அண்ணி, பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம்.”

“பயமாத்தான் இருக்கு” என்று சிரித்தாள் அண்ணி. சிரித்தபடியே வார்டுக்குள் போய்விட்டாள்.

அங்கே அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தான்.

“வாழ்க்கையில சரிபாதின்னு இவ சொல்லும்போதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றான்னு நினைச்சேன் சார். கடைசில நிஜமாவே பங்கு பிரிச்சிட்டா!”

“பேசாம படுங்க. நாளைக்கு மயக்க மருந்து குடுத்தாவது அந்த வாய் மூடுதான்னு பார்க்கறேன்” என்று சொல்லிக்கொண்டே அவன் போர்வையை இழுத்துவிட்டாள் அண்ணி. அவன் காலைத் தொட்டு, வீக்கம் கூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

சொன்ன நேரம் தாண்டியது. தங்கைக்கு உட்கார முடியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் ஓடினாள். வெளியே வந்த நர்ஸ்கள் யாரும் நின்று பதில் சொல்லவில்லை.

ஒருவழியாக டாக்டரம்மாவே வந்தார். முகக் கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது.

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்க அண்ணனுக்குக் கிட்னியை வெச்சு ரத்தக் குழாயை இணைச்சோம். தையல் போடறதுக்குள்ளயே யூரின் வர ஆரம்பிச்சிடுச்சு!”

தங்கை அழுதேவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏன் டாக்டர் இவ்வளவு நேரம்? உயிரே போயிடுச்சு எனக்கு.”

“அழுத்தத்தைக் குறைச்சா உள்ள இடம் நெருக்கடி. மெதுவாத்தான் கையை ஓட்டணும். நடுவுல கேஸை வெளியே விட்டுட்டு வேற காத்திருந்தோம். உங்க அண்ணிக்கு வாக்குக் குடுத்துட்டேனே!”

“ஆமா டாக்டர், அவங்க கொஞ்சம் பயந்த சுபாவம்.” தங்கை பெருந்தன்மையாகச் சொன்னாள். “பாவம், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. தன் உடம்பு, தன் உயிர்னு வந்துட்டா யாருக்குத்தான் பயம் வராது?”

டாக்டரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“தன் உடம்பா? மயக்க மருந்து போடறப்பகூட, ‘என் வயித்தை எவ்வளவு பெருசா வேணா கிழிச்சுக்குங்க, அவருக்குப் போற கிட்னி வாடக் கூடாது’ன்னுதான்மா சொன்னாங்க. எடுத்துக் குடுக்கப் போற கிட்னியைப் பத்தி அத்தனை கேள்வி கேட்டவங்க, தனக்குன்னு மிஞ்சப் போறதைப் பத்தி ஒரு தடவைகூடக் கேக்கலை!”