இறங்கிய தளக்கல்

மூன்றாவது வருஷமும் அதே கல் இறங்கியிருந்தது.

"நீங்களே பாருங்க மேஸ்திரி. கர்ப்பகிருக வாசலை ஒட்டின கல். ரெண்டு விரல்கடை இறங்கிப் போச்சு. சுவரெல்லாம் ஓதம்" என்றேன்.

எல்லப்பன் குனிந்து பார்த்தார். வேப்பனப்பள்ளியில் எழும்பும் புதுப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் மேஸ்திரி. தளம் போட எங்கள் ஊர்ச் சேரிக் கொத்தன் சென்னப்பனை எடுத்துக்கொள்ளலாமா என்று விசாரிக்க வந்திருந்தார். கோயில் தர்மகர்த்தா நான் வேண்டாம் என்றால் போதும், சென்னப்பனை அப்புறம் சுற்றுவட்டாரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவன் கடப்பாரையோடு வாசலருகே நின்றிருந்தான்.

"முந்தின வருஷமும் இவன்தான் பூசினான். போன வருஷமும் இவன்தான்."

"நல்ல வேலைக்காரன்னு சொன்னாங்களே?"

"ஒரே தடவையில சரி பண்ணிட்டா அப்புறம் யார் கூப்பிடுவா?"

சென்னப்பன் தலை நிமிரவில்லை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து ஏழு வருஷம் ஆச்சு. பக்கத்து ஊர்ல இன்னும் வெளியேதான் நிறுத்தறாங்க. நான் இவனைச் சாமிக்கு எதிரிலேயே உட்கார வச்சு வேலை வாங்கறேன். அதுக்குக் காட்டற விசுவாசம் இது."

"ஏம்ப்பா, தர்மகர்த்தா இவ்வளவு சொல்றாரு. உனக்கு வாயே இல்லையா?" என்றார் எல்லப்பன்.

"கல்லைத் தூக்கிக் காட்டட்டுங்களா?"

"காட்டு. மழைத் தண்ணி எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்ப்போம்" என்றேன்.

உள்ளே வந்தான். கடப்பாரையை நுழைத்து நெம்பினான். அடியில் பரப்பிய ஆற்று மணல் பாதிக்குமேல் அரித்துப் போய்க் குழியாகக் கிடந்தது. மிச்சமிருந்த மணல் சிவப்பாக இருந்தது.

எல்லப்பன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். விரலால் கிளறி ஒரு துடைப்பக் குச்சியை எடுத்தார்.

"மழைத் தண்ணி ஆரத்தி நிறத்துலயா வரும்? சுண்ணாம்போட மஞ்சள் சேர்ந்தாத்தான் இந்தச் சிவப்பு. காரை பச்சையா இருக்கிறப்பவே யாரோ குடம் குடமா மஞ்சத்தண்ணி ஊத்தித் தேய்ச்சிருக்காங்க. சந்துல இருந்த சுண்ணாம்பெல்லாம் கரைஞ்சு போச்சு. அப்புறம் கல்லு இறங்காம என்ன பண்ணும்?"

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வேலை முடிஞ்ச கையோட எதாவது விசேஷம் வச்சீங்களா?"

நான் குளத்துப் பக்கம் பார்த்தேன்.

இரண்டு வருஷமும் சென்னப்பன் வேலை முடித்துக் குளத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தோம். தீட்டுப் போக நாற்பது குடம் மஞ்சள் தண்ணீர். பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். மூலை முடுக்கு விடாதீர்கள், சந்து சந்தாகத் தேயுங்கள் என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்.

எல்லப்பன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வேலையில குத்தம் இல்லீங்க. சென்னப்பா, திங்கக்கிழமை வேப்பனப்பள்ளிக்கு வந்துடு."

அவர் வெளியே போனதும் கேட்டேன். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"போன வருஷம் கல்லைத் தூக்கினப்பவே தெரியுங்க."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கழுவினதா எங்கிட்ட யாரும் சொல்லலீங்களே சாமி."

கரணையை எடுத்துக் காரையைக் குழைக்க ஆரம்பித்தான். என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

காரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னான்:

"கழுவ வேணாம்னு சொல்லலீங்க சாமி. சுண்ணாம்பு இறுகட்டும். நாலு நாள் விட்டுக் கழுவச் சொல்லுங்க."