குறுக்கே வந்தவள்

டமார் என்று பின் டயர் வெடித்ததும், காந்திமதிநாதன் திட்டியது டிரைவரை அல்ல.

"எல்லாம் அந்தப் பேராச்சியால வந்த வினை!"

பேராச்சி, அவருக்குச் சொந்தமான வீடுகள் சேர்ந்த வளவில் ஒரு ஓரத்து வீட்டில் குடியிருக்கும் விதவை. சுரண்டையில் இருக்கிறாள். வண்டி டயர் வெடித்து நிற்பதோ தென்காசிக்குப் பக்கத்தில்.

குற்றாலத்தில் சீசன். லாட்ஜுக்காரனிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாம் என்று, பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், பம்ப் ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடித்தனத்தையே ஏற்றியிருந்தார் மனிதர். அது இப்போது ரோட்டோரம் சாய்ந்து நிற்க, உள்ளே பேரப்பிள்ளைகள் அலறின.

"ஏலே சொரிமுத்து, காத்து பாத்தியால?"

"பாக்கணும்னு சொன்னேன் மொதலாளி. ராகுகாலம் வந்திரும், வண்டிய எடுன்னிய."

"ஸ்டெப்னி எங்க?"

"கட்டிலுக்கு எடமில்லன்னு வளவு வாசல்லயே எறக்கச் சொன்னிய."

காந்திமதிநாதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நாந்தான் டயர வெடிக்க வச்சேனாக்கும்! கெளம்புத நேரத்துல ஒரு தாலியறுத்தவ கைய ஆட்டிக்கிட்டுக் குறுக்க ஓடி வாறா. போ உள்ளன்னு வெரட்டுனேன். அதுக்குள்ள சகுனம் கெட்டுப் போச்சு."

"அவ பாவம். அவள ஏன் இழுக்கிய?" என்றாள் மனைவி இராமலட்சுமி.

"நீ சும்மா கெட! ஏலே, அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போ. ஸ்டெப்னிய எடுத்துக்கோ. அப்படியே அவகிட்ட, நான் வாறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லிரு. அந்த மூஞ்சி இனிமே என் வளவுல இருக்கக் கூடாது."

"அந்தம்மாவுக்கு வேற போக்கிடம் இல்லயே மொதலாளி..."

"போலேங்கேன்!"

காற்றில்லாத டயருக்கும் பேராச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அந்த நேரம் பார்த்து சுரண்டையிலிருந்து வந்த பஸ் ஒன்று பக்கத்தில் நின்றது. சைக்கிள் கடை பரீது காற்றடிக்கும் பம்போடு இறங்கினான். பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு டயரை இறக்கினார்கள். அவருடைய ஸ்டெப்னியேதான்!

காந்திமதிநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பரீது! தெய்வம் மாதிரி வந்தியேப்பா. ஒனக்கு யாரு சொன்னா?"

"பேராச்சியக்காதான் அண்ணாச்சி. 'பின் டயரு அமுங்கிக் கெடக்கு, சொல்லப் போனேன், கேக்கல. பிள்ளையள வச்சிக்கிட்டு நடுரோட்டுல நிப்பாவ, ஓடு'ன்னு கடைக்கே டயர உருட்டிக்கிட்டு வந்துட்டாவ. நீங்களும் வாங்கக்கான்னேன். வரல."

"ஏனாம்?"

பரீது ஜாக்கியை எடுத்துக்கொண்டே சொன்னான்:

"'மறுபடியும் கெளம்புத நேரத்துல அண்ணாச்சி எம் மூஞ்சில முழிக்க வேண்டாம். பிள்ளையெல்லாம் நல்லபடியாப் போய்ச் சேரட்டும்'னுட்டாவ."